கண்ணாடிக் குழாயில் நெய் வாசனை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் இதை எழுதும் வேலையே வந்திருக்காது.

சர்க்கரை எனக்குப் பதினாறு வருடமாக இருக்கிறது. மாத்திரை போடுவேன், மறந்தும் போவேன். உள்ளங்காலில் பஞ்சைக் கட்டிக்கொண்டு நடப்பது போல ஒரு மதமதப்பு வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள், கால் மரத்துப்போகாமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன். திருவண்ணாமலையில் எங்களுக்கு ஒரு சின்ன சோடா கம்பெனி இருக்கிறது. பன்னீர் சோடாவும் எலுமிச்சை சோடாவும் போடுகிறோம். மெஷின் என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் பாட்டில் பெட்டிகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போடுவார். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதை முழுக்க நம்ம சோடாதான் என்று ஊருக்கெல்லாம் சொல்லுவார். பாதிப் பாதையாவது இருக்கும்.

சித்ரா பௌர்ணமி அன்று வியாபாரத்தை விட்டு நகர முடியாது. மறுநாள் மதியம் வரை திதி இருந்ததால் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி மலையைச் சுற்றினேன். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்காலோடு. இந்த ஊர்க்காரிக்கு அதைத் தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை. அடி அண்ணாமலையைத் தாண்டும்போது தார் ரோடு கொதித்தது. கூட நடந்தவர்கள் ஆ, ஊ என்று ஓரத்து மண்ணுக்கு ஓடினார்கள். நான் மட்டும் நடு ரோட்டில் நிதானமாக நடந்தேன். எதிரே வந்த ஒரு அம்மாள், "உங்களுக்கு சாமி அருள் இருக்குதும்மா" என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்த ஏகாம்பரம் வாசலில் நின்று சத்தம் போட்டார். "யாரு இங்க குங்குமத்த கொட்டி வெச்சது?"

யாரும் கொட்டவில்லை. வாசற்படியிலிருந்து நாற்காலி வரை என் வலது பாதத்தின் அச்சு வரிசையாக இருந்தது. அவர் என் காலைத் தூக்கி மடியில் வைத்து, நகம் அளவு கண்ணாடிச் சில்லு ஒன்றை இடுக்கியால் பிடித்து இழுத்தார். "வலிக்குதா? வலிக்குதா சாந்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. நான் வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முதல் முறையாகப் பயந்தேன்.

மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மூன்று வாரத்தைப் பாழாக்கினோம். புண் பெரிதானது. ஒருநாள் சுண்டுவிரல் நுனியில் மை தொட்டு வைத்தது போலக் கறுப்பாக ஒரு புள்ளி. இரண்டே நாளில் விரல் முழுக்கக் கறுப்பு.

செங்கம் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். கால் புண் பார்க்கிற இடத்தில் ஒரு விசேஷம் உண்டு. காத்திருக்கிறவர்கள் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோரும் எதிரே இருப்பவர்களின் காலைப் பார்த்து விரலை எண்ணிக்கொண்டிருப்பார்கள். நானும் எண்ணினேன்.

டாக்டரம்மா மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். "கண்ண மூடிக்கங்க. பாதத்துல படும்போது சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகு நேரம் ஆனது போல இருந்தது. "எப்பம்மா தொடுவீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு கால்லயும் பத்து பத்து இடத்துல தொட்டுட்டேன்" என்றார்.

பிறகு பேனா மாதிரி ஒரு கருவியைக் கணுக்காலில் வைத்தார். அதற்கு டாப்ளர் என்று பெயர். ரத்தம் ஓடுவதைச் சத்தமாக மாற்றிக் காட்டும். இடது காலில் புஸ், புஸ் என்று கேட்டது. வலது காலில் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது. சர்க்கரை நரம்பையும் கெடுத்துவிட்டது, ரத்தக் குழாய்களையும் குறுக்கிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். நரம்பு கெட்டதால் அடிபட்டது தெரியவில்லை. குழாய் குறுகியதால் பட்ட அடி ஆறவில்லை.

"கறுத்துட்டா அந்த எடம் செத்துட்டதுன்னு அர்த்தம்மா. செத்தது திரும்பாது. கறுப்பு மேல ஏறாம பாத்துக்கறதுதான் நம்ம வேலை. இனிமே டெய்லி காலையில ஒரு முகம் பாக்கற கண்ணாடிய தரையில வெச்சி ரெண்டு பாதத்தையும் பாருங்க. வெரல் இடுக்கயும் பாருங்க. கறுப்பா ஒரு புள்ளி தெரிஞ்சாலும் அன்னிக்கே ஓடியாங்க."

சுண்டுவிரலை எடுத்தார்கள். ஆனால் அதற்குக் கீழே உள்ளங்காலில் இருந்த புண் மூடவில்லை. சாம்பல் நிறத்தில், ஈரமாக, அப்படியே வாயைத் திறந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா ஏகாம்பரத்தையும் உட்கார வைத்துச் சொன்னார். "ஆக்ஸிஜன் சேம்பர்ல முப்பது தடவ படுக்க வெச்சிப் பாப்போம். பதினஞ்சாவது நாள் புண்ணப் பாத்து முடிவு பண்ணுவேன். புதுசா சதை வந்திருந்தா மீதியும் பண்ணலாம். வரலன்னா முட்டிக்குக் கீழ எடுக்கறதத் தவிர வேற வழி இல்ல."

ஏகாம்பரம் என் முட்டியைப் பார்த்தார். நான் அவர் பார்ப்பதைப் பார்த்தேன். செலவுக்கு ஒரு மெஷினை விற்றோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

சேம்பர் அறை இரண்டாவது மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலை. அறைக்குள் ஆள் நீளத்துக்கு இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கண்ணாடி போலத் தெரியும் கனமான பிளாஸ்டிக்கால் ஆனவை. தட்டில் படுக்க வைத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் உள்ளே இருக்க வேண்டும். எனக்கு அதைப் பார்த்ததும் பாட்டிலுக்குள் போகப்போகிறோம் என்றுதான் தோன்றியது.

குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் பெயர் சாதிக். முப்பது வயது இருக்கும், இதே ஊர்க்காரர். முதல் நாள் ஒரு தாளை வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்க ஆரம்பித்தார்.

"ரத்தத்துல செவப்பணுன்னு இருக்குதும்மா. அதுதான் ஆக்ஸிஜனத் தூக்கிக்கிட்டு போற வண்டி. உங்களுக்கு வண்டியில லோடு ஃபுல்லாதான் இருக்குது. ஆனா கால்ல ரோடு குறுகிப்போச்சி, வண்டி போவ மாட்டேங்குது. அதனால சுத்தி அழுத்தத்த ரெண்டு மடங்குக்கு மேல ஏத்தி, வெறும் ஆக்ஸிஜனயே மூச்சுல குடுத்தா…"

"தண்ணியிலயே கரைஞ்சிடும்" என்றேன்.

சாதிக் தாளை இறக்கினார். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் சோடா போடறவ. தண்ணி மேல காஸ சும்மா விட்டா நிக்காது. அழுத்தி விட்டா கரையும். எவ்ளோ அழுத்தறமோ அவ்ளோ கரையும்."

"அதேதாம்மா. ரத்தத்துல இருக்கற தண்ணியிலயே ஆக்ஸிஜன் கரைஞ்சிடும். வண்டி போவாத சந்துல கூட தண்ணி போவும் இல்ல?"

எனக்கு உடனே அடுத்த சந்தேகம் வந்தது. மூடியைத் திறந்தால் சோடாவுக்கு என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? "அப்ப வெளிய எடுக்கறப்போ என் ரத்தம் நுரைக்காதா?" என்று கேட்டேன். ஏகாம்பரம் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சாதிக் சிரிக்கவில்லை. கடலுக்குள் ஆழமாகப் போகிறவர்கள் அவசரமாக மேலே வந்தால் அப்படி ஆவது உண்டு என்றார். அது காற்றில் இருக்கும் நைட்ரஜனால் வருவது. இங்கே கொடுப்பது வெறும் ஆக்ஸிஜன், அதை உடம்பே செலவு செய்துவிடும். ஆனாலும் இறக்கும்போது மெதுவாகத்தான் இறக்க வேண்டும். அதற்குக் காரணம் நெஞ்சு. அழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கும் காற்று விரியும். அப்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும்.

"உள்ள எதாச்சும் ஆயிட்டா கதவத் தொறந்துடுவீங்க இல்ல?" என்று ஏகாம்பரம் கேட்டார்.

"தொறக்க முடியாதுண்ணே. அழுத்தம் முழுசா எறங்கற வரைக்கும் கதவு தொறக்காது. அவசரத்துக்கு வேகமா எறக்கலாம், அதுக்கும் ஒரு அளவு இருக்குது. அதனாலதான் இந்த லிஸ்ட்டு." சாதிக் சுவரைக் காட்டினார். போன், வாட்ச், தீப்பெட்டி, நைலான் துணி, சென்ட், பவுடர், எண்ணெய், நெய், கற்பூரம் எதுவும் கூடாது என்று பெரிதாக எழுதியிருந்தது. "வெளிய காத்துல அஞ்சுல ஒரு பங்குதான் ஆக்ஸிஜன். உள்ள முழுக்க அதுதான், அதுவும் அழுத்தி வெச்சது. சின்னப் பொறி போதும். எண்ணெ, நெய் இருந்தா சொல்லவே வேணாம்."

ஏகாம்பரம் பயபக்தியோடு தலையாட்டினார். அவருக்கு இது புதிய செய்தியும் கிடையாது. சோடாவுக்கு காஸ் சிலிண்டர் எடுக்கப் போகும் டெப்போவில், பக்கத்தில் அடுக்கியிருக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டர்களுக்கு மேலே 'எண்ணெய்க் கையால் தொடாதே' என்று ஒரு போர்டு இருக்கிறது. இருபது வருடமாக அந்தப் போர்டுக்குக் கீழே நின்று டீ குடித்தவர் அவர்.

எண்ணெய் போகத் தலைக்குக் குளித்து, பூ இல்லாமல், பொட்டு இல்லாமல், மருத்துவமனையின் பருத்தி அங்கியைப் போட்டுக்கொண்டேன். தாலியையும் கழற்றச் சொன்னார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அவர்தான் தடுமாறிவிட்டார். அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, நான் வெளியே வரும் வரை பையின் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார். தினமும் அப்படித்தான்.

உள்ளே அழுத்தம் ஏறும்போது லேசாகச் சூடு அடிக்கும். காது அடைக்கும். எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காதுச் சவ்வு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு மணிக்கட்டில் தரையோடு இணைத்த கம்பிப் பட்டை, உடம்பில் உரசலால் வரும் மின்சாரத்தை இறக்குவதற்கு. ஸ்பீக்கரில் சாதிக்கின் குரல் கேட்கும். மற்றபடி நான், என் மூச்சு, பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் வளைந்து தெரியும் ஏகாம்பரம். அழுத்த முள் நின்றதும் நான் செய்வது ஒன்றுதான், பதினைந்தாவது நாளை நினைப்பது. வெட்டிய காலை என்ன செய்வார்கள் என்று கேட்க நினைத்து, கேட்காமலே இருந்துவிட்டேன்.

பக்கத்துக் குழாயில் போளூர் பஸ் டிரைவர் குப்புசாமி. விபத்தில் கால் எலும்புக்குள் சீழ் பிடித்தவர். உள்ளே போனதும் தூங்கிவிடுவார், குறட்டை விடுவது வயிற்றின் ஏற்ற இறக்கத்திலேயே தெரியும். அவர் மனைவி மல்லிகா வெளியே ஏகாம்பரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். இருவரும் சேர்ந்து டீ வாங்கிக்கொள்வார்கள். எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கேரியர் வந்தால் அதில் பாதி அவளுக்குப் போகும். ஏகாம்பரத்துக்கு எதையும் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாது.

இன்னொரு வேலையும் அவர் தினமும் செய்தார். குழாய்க்குள் போவதற்கு முன்னால் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு, என் நல்ல காலுக்கு, அதாவது இடது காலுக்கு, மருத்துவமனையின் பருத்தி உறையை மாட்டிவிடுவார். வெளியே வந்ததும் அவரே கழற்றி, காலைத் துடைத்தும் விடுவார். நான் குனிந்தால் தலை சுற்றும். "புருஷன மண்டி போட வெச்சிட்டீங்களே" என்று மல்லிகா கிண்டல் பண்ணுவாள். "முப்பது வருஷம் கழிச்சி இப்பத்தான் புத்தி வந்துருக்குது" என்று நானும் சொல்வேன். அதற்குப் பிறகுதான் சாதிக் வந்து கேட்பார். "எண்ணெ, நெய், கற்பூரம், தீப்பெட்டி எதாச்சும்?" நான் "ஒண்ணும் இல்ல" என்பேன். கேட்டுக் கேட்டு அது வெறும் வணக்கம் சொல்வது போல ஆகிவிட்டது.

பதினான்காவது நாள். மறுநாள் புண்ணைப் பார்த்து முடிவு சொல்லப்போகிறார்கள். ஏகாம்பரம் விடிந்ததும் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. உறை மாட்ட அன்று கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். குப்புசாமியை முதலில் ஏற்றினார்கள், பிறகு என்னை.

கதவு சாத்தி, முள் ஏறி, சூடு வந்தது. எச்சிலை விழுங்கினேன். காது விட்டது. அப்போது ஒரு வாசனை.

முதலில் பிரமை என்று நினைத்தேன். மறுபடி மூச்சை இழுத்தேன். நெய். வெறும் நெய்கூட இல்லை, எரிந்த நெய். எங்கள் வீட்டு பூஜை அலமாரியைத் திறந்தால் வரும் அதே வாசனை. கார்த்திகையில் மலை உச்சியில் கொப்பரையில் நெய் ஊற்றி, கற்பூரம் போட்டுத் தீபம் ஏற்றுவார்கள். அது பதினோரு நாள் எரிந்து முடிந்த பிறகு, கொப்பரையில் படிந்திருக்கும் கரியை எடுத்து நெய்யில் குழைத்து, ஆருத்ரா தரிசனத்துக்குப் பின் பிரசாதமாகத் தருவார்கள். தீப மை என்போம். ஒரு பொட்டலம் கிடைத்தால் வருடம் முழுக்க வைத்திருந்து, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் வைப்போம்.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். ஏகாம்பரம் கைகூப்பி நின்றிருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் இன்றைக்கு நிறுத்திவிடுவார்கள். நாளைக்கு முடிவு நாள். கோபத்தில் எங்களை வீட்டுக்கே அனுப்பிவிட்டால்? அசையாமல் கிடந்து ஒன்றரை மணி நேரத்தைக் கடத்திவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அங்கியின் கழுத்துப் பட்டை தோளில் உரசியது. அந்தச் சின்னச் சத்தம் எனக்குத் தீக்குச்சி கிழிப்பது போலக் கேட்டது.

"சாதிக்" என்றேன். "என் கால்ல நெய் இருக்குது."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தது தெரிந்தது. குரல் மட்டும் மாறவே இல்லை. "சரிம்மா. ஒண்ணும் இல்ல. கை கால அசைக்காதீங்க, துணியத் தேய்க்காதீங்க. நான் எறக்கறேன். மூச்ச அடக்காம விட்டுக்கிட்டே இருங்க. வாயத் தொறந்தே வெச்சிக்கங்க."

முள் இறங்கியது. சூடு போய்க் குளிர் வந்தது. குழாய்க்குள் லேசாகப் பனி மூட்டம் போட்டது. சோடா மூடியைத் திறந்ததும் பாட்டில் கழுத்தில் வருமே, அதேதான். ஆயிரம் முறை அதை வெளியே நின்று பார்த்திருக்கிறேன். கதவு திறந்ததும் சாதிக் என்னை வெளியே இழுத்து, இடது கால் உறையை உருவினார். விரல் இடுக்கு எல்லாவற்றிலும் கறுப்பாக அப்பியிருந்தது.

"யாரு வெச்சது?"

ஏகாம்பரம் சட்டைப் பையிலிருந்து தீப மைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பிறகு, "நாளைக்கு கால எடுத்துடுவாங்களோன்னு… இன்னிக்கி கொஞ்சம் ஜாஸ்தி வெச்சிட்டேன்" என்றார்.

"இன்னிக்கி ஜாஸ்தின்னா, எத்தினி நாளாண்ணே வெக்கறீங்க?"

"மொத நாள்லேர்ந்து."

பதினான்கு நாள் நெய்யைப் பூசிக்கொண்டு அதற்குள் படுத்திருக்கிறேன். அப்போதுதான் கவனித்தேன், ஏகாம்பரத்தின் கண் என்னிடம் இல்லை, சாதிக்கிடமும் இல்லை. பக்கத்துக் குழாய்க்குப் போய்ப் போய் வந்தது. அங்கே குப்புசாமி வயிறு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். பெஞ்சிலிருந்த மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஏங்க, அவங்களுக்கும் குடுத்தீங்களா?" என்று கத்தினேன்.

"அந்தம்மாவும் அழுதுக்கிட்டிருந்துச்சி…"

மல்லிகா நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். "இன்னிக்கித்தான்… அவரு மார்ல கொஞ்சம் தடவிட்டேன். ஐயோ, அதுல நெய் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதே!"

சாதிக் பாய்ந்து போய் அழுத்தத்தை இறக்க ஆரம்பித்தார். ஸ்பீக்கரில், "டிரைவர் அண்ணே, எழுந்துருங்க. அசையாதீங்க. மூச்ச விட்டுக்கிட்டே இருங்க" என்றார். அவருக்குத் தூக்கம் உடனே கலையவில்லை. கலைந்ததும் அவர் செய்த முதல் வேலை, மார்பைச் சொறியக் கையைத் தூக்கியது. "அசையாதீங்க!" என்று சாதிக் போட்ட சத்தத்தில் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

முள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் வேகமாக இறக்கினால் நெஞ்சு கிழியும். மெதுவாக இறக்கினால் அந்த மனிதர் அவ்வளவு நேரமும் நெய்யோடும் ஆக்ஸிஜனோடும் கிடப்பார். இரண்டுக்கும் நடுவில் சாதிக் அழுத்தத்தை இறக்கும் வால்வைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நான்கு பேரும் அந்த முள்ளையே பார்த்தோம். ஓரிரு நிமிடம்தான் இருந்திருக்கும். எனக்கு அதன் நீளம் தெரியும், யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ஜன்னலில் மலை பளிச்சென்று தெரிந்தது. நான் அதைக் கும்பிடவில்லை. கும்பிடத் தோன்றவில்லை.

கதவு திறந்தது. குப்புசாமி தலையைத் தூக்கி, "இன்னாபா, கரண்ட் போச்சா?" என்றார்.

மல்லிகா அவர் மேல் விழுந்து அழுதாள். சாதிக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே ஏகாம்பரத்தைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார். "நம்ம ஊரு சாமி நெருப்புன்னு எனக்கும் தெரியும்ணே. நானும் இங்கதான் பொறந்தேன். அதனாலதான் தெனமும் கேக்கறேன்."

மாலை வரை நான் ஏகாம்பரத்தோடு பேசவில்லை. கேரியரைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் நான்தான் கேட்டேன். "புண்ணு வலது கால்ல. மைய எதுக்கு எடது கால்ல வெச்சீங்க?"

"வலது கால்ல கட்டு போட்ருக்குது. ரெண்டும் உன் கால்தானே சாந்தா?" என்றார். பிறகு, "நீ சொல்ற காத்து என் கண்ணுக்குத் தெரியல. கட்டு பிரிக்கறப்ப நான் எட்டிப் பாத்தேன், புண்ணு ஓரத்துல செவந்துருக்குது. அது மைதான்னு நெனச்சேன். உனக்குச் சொல்லாம வெக்கறமேன்னு கஷ்டமாத்தான் இருந்துது. நீ எதாச்சும் கேப்பேன்னு டெய்லி பாப்பேன். நீ கேக்கவே இல்ல."

எப்படிக் கேட்பேன்? பதினான்கு நாள் இந்த மனிதர் என் விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் விரலை விட்டுத் தடவியிருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கு நான் அழுததற்கு அதுதான் காரணம். பயந்து அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இனிமே நீ கொழாய்க்குள்ள போறது முடியற வரைக்கும் மை பக்கமே போவ மாட்டேன்" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

பதினைந்தாவது நாள் டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். முந்தின நாள் நடந்ததற்கு முதலில் எங்கள் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு குனிந்து வெகு நேரம் பார்த்தார். இடுக்கியால் தொட்டார், ஒரு பொட்டு ரத்தம் வந்தது. "சதை வருதும்மா. மீதியும் பண்ணிடலாம்" என்றார். மாதுளை மணி போலச் சிவப்பாகக் கொஞ்சம் தெரிந்தது. நானும் ஏகாம்பரமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எது வேலை செய்தது என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகான நாட்களில் சாதிக்கே ஈரத் துணியால் என் இரண்டு காலையும் துடைத்து, அவரே உறை போட்டார். ஏகாம்பரத்தை மூன்றடி தள்ளி நிற்க வைத்தார். நான் ஒவ்வொரு நாளும் மூக்கைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். கடைசி நாள் வரை எனக்கு அந்தக் குழாய்க்குள் நிம்மதி வரவில்லை. முப்பது முடிந்தபோது புண் ஒரு வெள்ளரி விதை அளவுக்கு வந்திருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் மூடியது. கால் இருக்கிறது. இதற்கு விலையாகக் கண் கொஞ்சம் மாறிவிட்டது. சேம்பரில் நிறைய நாள் இருந்தால் அப்படி ஆகுமாம், போகப் போகச் சரியாகிவிடுமாம். தூரத்து பஸ் போர்டு மங்கல். கிட்டத்தில் இருப்பது கண்ணாடி போடாமலே துல்லியமாகத் தெரிகிறது.

அப்படித்தான் போன வெள்ளிக்கிழமை காலை அது தெரிந்தது. வழக்கம் போல முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, வலது பாதத்தைக் காட்டினேன். தழும்பு வெளுப்பாக இருந்தது. சுத்தம். இடது பாதத்தைக் காட்டி விரலை விரித்தேன். நான்காவது விரலுக்கும் ஐந்தாவது விரலுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி.

இந்தக் காலா? மறுபடி முதலிலிருந்தா? நைலான் இழை, டாப்ளர், அந்தக் குழாய், முட்டிக்குக் கீழே. கண்ணாடியில் அந்தப் புள்ளி அசையாமல் இருந்தது. விரலை விட்டு அந்த இடத்தைத் தொட்டேன். காலுக்கு நான் தொட்டது தெரியவில்லை. விரலுக்குத்தான் தெரிந்தது, வழவழவென்று.

விரலை எடுத்தேன். கறுப்பு விரலோடு வந்துவிட்டது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"யோவ் ஏகாம்பரம்!" என்று கத்தினேன். முப்பது வருடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

மொபெட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றோடு ஓடி வந்தார். என் விரலைப் பார்த்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"நீ கொழாய்க்குள்ள போறது முடியற வரைக்கும்னுதான் சொன்னேன்" என்றார்.